ஊர்ப் பேச்சும் ஊர்ப் பாட்டும் வானொலியில்: சமுதாய வானொலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமுதாய வானொலியில் பேச்சு நிகழ்ச்சியும் கலை நிகழ்ச்சியும் செய்ய வருகிறவர்கள், வரலாமா என்று யோசிக்கிறவர்கள், வெறுமனே கேட்கிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

ஆகாசவாணி இருக்கிறது, தனியார் எஃப்எம் இருக்கிறது. சமுதாய வானொலி எதற்கு?

ஆகாசவாணி நிலையம் ஒன்று பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒலிபரப்புகிறது. தனியார் எஃப்எம் நகரத்து விளம்பரத்தை நம்பி நடக்கிறது. உங்கள் ஊர் வாய்க்கால் ஏன் தூர்ந்துபோனது என்று அரை மணி நேரம் பேச இரண்டுக்கும் நேரமில்லை. சமுதாய வானொலிக்கு அதுதான் வேலை. ஒரு சிறு வட்டாரத்துக்காக, அந்த வட்டாரத்து ஆட்களே, லாப நோக்கமில்லாமல் நடத்தும் நிலையம் இது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில், மக்கள் பங்கேற்போடு தயாரித்தவையாக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. என்னைக் கேட்டால் பாதி போதாது. வெளியிலிருந்து வாங்கிப் போடும் ஒவ்வொரு மணி நேரமும் ஊர்க்காரர் ஒருவர் பேசியிருக்க வேண்டிய நேரம்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுரிமை ஆகாது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகும் அனுமதி மெல்லத்தான் வந்தது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 அலைவரிசையில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்க 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் வந்தவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும். தெலங்கானாவின் மாச்னூரில் 2008 அக்டோபரில் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்துகிறவர்கள் தலித் விவசாயப் பெண்கள். நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், சுனாமி அடித்துப் போட்ட கரையில், தானம் அறக்கட்டளை களஞ்சியம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 எஃப்எம் 2016 ஆகஸ்ட் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன.

எவ்வளவு தூரம் கேட்கும்?

அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். டெல்டாவிலும் கடலோரத்திலும் மறைக்க ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவும் போகும். மலையடிவாரத்தில் குறுக்கே ஒரு குன்று நின்றால் அதற்கு அந்தப் பக்கம் வராது.

தூரம் குறைவு என்று வருத்தப்படத் தேவையில்லை. கேட்பவருக்குப் பேசுகிறவரைத் தெரியும், பேசுகிறவருக்கு அந்தத் தெரு தெரியும். அதுதான் இந்த வானொலியின் பலம்.

செய்தி சொல்லக் கூடாதாமே? பிறகு எதைத்தான் பேசுவது?

உண்மைதான். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், வட்டார மொழிக்கு மாற்றியும் போடலாம். தொலைக்காட்சிகள் நாள் முழுக்கச் செய்தி சொல்லும் நாட்டில், பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் கேட்கும் வானொலிக்கு இந்தத் தடை இருப்பது நியாயமில்லை. அதை மாற்றக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் செய்திக் கணக்கில் சேராது என்று விதியே ஒதுக்கி வைத்திருப்பவை நிறைய இருக்கின்றன: வானிலை, போக்குவரத்து, உள்ளூர் விளையாட்டு, திருவிழா, கலை நிகழ்ச்சி, தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, புயல் எச்சரிக்கை, நோய் எச்சரிக்கை. கடலோர நிலையம் என்றால் காற்றின் வேகமும் அலையின் உயரமும் காலையிலேயே போயாக வேண்டும். அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் இன்றைக்குப் படகு இறக்குவதா என்று வீட்டில் பேசுவார்கள்.

பேச்சு நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, நேற்று நடந்ததைச் செய்தியாக வாசிப்பது வேறு, ஊரில் எப்போதும் இருக்கும் ஒரு சிக்கலைப் பற்றிப் பேசுவது வேறு. ‘நேற்று ரேஷன் கடையில் தகராறு’ என்பது முதல் வகை. ‘ரேஷன் கடையில் எடை குறைந்தால் யாரிடம் சொல்வது, அட்டையில் பெயர் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும்’ என்பது இரண்டாவது வகை. கேட்கிற அம்மாவுக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

நல்ல பேச்சு நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும்?

முதலில் தலைப்பைச் சின்னதாக்குங்கள். ‘விவசாயத்தின் இன்றைய நிலை’ என்று வைத்தால் யாரும் எதையும் சொல்லாமலே அரை மணி நேரம் ஓடிவிடும். ‘இந்த வருஷம் குறுவைக்கு என்ன ரகம் போட்டீர்கள், ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்ததா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது, விதை எங்கே கிடைத்தது, கூலிக்கு ஆள் கிடைத்தார்களா என்று விவசாயத்தின் நிலை முழுதும் தானாக வெளியே வரும்.

இரண்டாவது, ஆள். பல நிலையங்களில் முதலில் அதிகாரியையோ மருத்துவரையோ பேராசிரியரையோ உட்கார வைத்து உரை கேட்கிறார்கள். கடைசியில் நேரம் இருந்தால் ஊர்க்காரர் ஒரு கேள்வி கேட்பார். இதை அப்படியே மாற்றிப் போட வேண்டும். முதலில் ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் பட்டதையும் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு நிபுணர் பேசட்டும். அப்போது அவர் பேச்சும் பாடப் புத்தக நடையிலிருந்து இறங்கி வந்துவிடும். சர்க்கரை நோய் பற்றிய நிகழ்ச்சி என்றால், பத்து வருஷமாக மாத்திரை போடும் ஒரு பெரியம்மா, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எப்படிச் சமாளிக்கிறார் என்று சொல்வதற்குப் பிறகுதான் மருத்துவரின் அறிவுரைக்குக் காது கிடைக்கும்.

மூன்றாவது, இடம். நிலையத்து அறைக்குள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்ததும் நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் நாக்கு உலர்ந்துவிடும். வலை சீர்செய்யும் இடத்துக்கு, நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, கீற்று முடையும் திண்ணைக்கு நீங்கள் போங்கள். இலங்கையில் 1981-இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் குழுக்கள் குடியேற்றக் கிராமங்களிலேயே நாள்கணக்கில் தங்கி நிகழ்ச்சி தயாரித்தன. அவ்வளவு நாள் நம்மால் முடியாமல் போகலாம், ஆனால் மைக்கை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார்ந்து பேச முடியும்.

ஒருவரைத் தனியாகப் பேச வைப்பதை விட இருவரைச் சேர்த்துப் பேச வைப்பது நல்லது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார், மறுப்பார், சிரிப்பார். ‘ஆமாம், இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளைக் கேட்காதீர்கள். ஒருவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள்.

எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசலாமா? ‘நல்ல தமிழில்’ பேச வேண்டாமா?

ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். விதியும் வட்டார மொழியையும் பேச்சுவழக்கையும்தான் கேட்கிறது. அறிவிப்பாளர்கள் பலர் நகரத்து எஃப்எம் தொகுப்பாளரைப் போலவோ மேடைப் பேச்சாளரைப் போலவோ குரலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நேரமே கேட்பவர் விலகிப்போகிறார். நாகர்கோவில் பக்கம் ஒரு பேச்சு, கொங்குப் பக்கம் ஒரு பேச்சு, ராமநாதபுரக் கரையில் இன்னொரு பேச்சு. இவற்றில் எதுவும் மட்டமில்லை.

தொழில் சொற்களில் இது இன்னும் முக்கியம். கடலோரத்தில் கொண்டல், கச்சான், வாடை, சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, நீரோட்டம் வரைக்கும் கணக்குப் போட்டுப் பேசுகிறவர்களிடம் போய் ‘தென்மேற்குத் திசையிலிருந்து காற்று வீசக்கூடும்’ என்று மட்டும் வாசித்தால் பாதிதான் போய்ச் சேரும். வானிலைத் துறையின் அறிவிப்பை மாற்றாமல் ஒருமுறை வாசித்துவிட்டு, அதையே ஊர்ச் சொல்லில் இன்னொரு முறை சொல்லுங்கள். ஆபத்தான விஷயம் என்பதால் இரண்டும் வேண்டும்.

கேட்கிற எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது ஒன்றுதான் வரம்பு. ஒரே வட்டத்துக்குள் உருது பேசும் தெருவோ, சௌராஷ்டிரம் பேசும் தெருவோ, தெலுங்கு பேசும் ஊரோ இருந்தால் அவர்களுக்கும் வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவது நிலையத்தின் கடமை.

நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

கலைக்குழுவிடம் போவதற்கு முன் வீடுகளுக்குப் போங்கள். மேடைக்குழுவின் பாட்டு ஏற்கெனவே பல இடங்களில் கிடைக்கிறது. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, விடுகதை, சொலவடை இவையெல்லாம் ஒரு சிலர் நினைவில் மட்டும் இருக்கின்றன. நடவு இயந்திரம் வந்த பிறகு நடவுப் பாட்டுக்கு வயலில் இடமில்லை. இயந்திரம் வந்து வலை இழுப்பதால் அம்பாவுக்கும் படகில் வேலையில்லை. பாடத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இதில் காலதாமதம் செய்ய நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வலையும் படகும் சீர்செய்வார்கள். கடல் பாட்டும் கடல் கதையும் பதிவு செய்ய அதைவிட நல்ல காலம் கிடையாது. வயற்காட்டு ஊர்களில் அறுவடை முடிந்து தை, மாசி வந்தால் ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ‘சும்மா ஒரு வரி பாடுங்க பாட்டி’ என்று வீட்டு வாசலில் நின்று கேட்டால் அவருக்கும் சங்கடம், வீட்டில் உள்ளவர்களுக்குக் கோபம். வீட்டை விட்டுத் தள்ளி, ஆற்றங்கரையிலோ தோப்பிலோ பாட ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பாட ஆரம்பித்தால் தன் வீட்டில் இறந்தவரை நினைத்து அழுதுவிடுவார். அந்த நேரத்தில் ரெக்கார்டரை நிறுத்துங்கள். அவர் தேறிய பிறகு, அந்தப் பதிவை ஒலிபரப்பலாமா என்று மறுபடி ஒருமுறை கேளுங்கள். ஒலிபரப்பும்போதும் காலை வேளையில் போடாதீர்கள், என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த வேலையின்போது பாடினார்கள், யாரிடம் கற்றார், யார் முதலில் எடுப்பார், யார் பின்பாட்டு, இப்போது ஏன் பாடுவதில்லை என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாடிய மூன்று நிமிடத்தைவிட அதைச் சுற்றிய பத்து நிமிடப் பேச்சுதான் சில சமயம் நிகழ்ச்சியாக நிற்கும். ஒலிபரப்பும்போது பாடியவர் பெயரும் ஊரும் கட்டாயம் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னாலொழிய. சட்டப்படியும் பாடியவருக்கு அந்தப் பதிவில் நிகழ்த்துநர் உரிமை, அதாவது பாடியவர் என்ற முறையில் அவருக்கே உள்ள உரிமை, உண்டு. எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால், விவரமாகச் சொல்லி அவர் சம்மதிப்பதைக் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

சினிமாப் பாட்டு போடலாமா?

போடலாம், உரிமைத்தொகை கட்ட வேண்டும். ஆனால் சினிமாப் பாட்டுக்கு வேறு இடங்கள் ஏராளம். நிகழ்ச்சி தயாரிக்க ஆளில்லாத நேரத்தை அடைக்க அதைப் போட்டுப் பழகிவிட்டால், நிலையம் மெல்ல மெல்ல அதற்கே போய்விடும்.

பெண்களைப் பேச வைக்க முடியவில்லையே?

பெரும்பாலும் நாம் கேட்கும் நேரமும் இடமும்தான் தடை. மாலை ஆறு மணிக்கு நிலையத்துக்கு வரச் சொன்னால் அடுப்பை யார் பார்ப்பது? மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில், சுயஉதவிக் குழு கூடும் இடத்தில், பெண் தயாரிப்பாளர் ஒருவர் போனால் பேச்சு தானே வரும். வீட்டு ஆண்கள் சுற்றி நிற்கிற இடத்தில் பதிவு செய்யாதீர்கள், கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

பேச அழைப்பதோடு நிற்கக் கூடாது, தயாரிப்பையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சங்கம் ரேடியோவைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர்கள் நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள். ஒலிப்பதிவு, எடிட்டிங், அறிவிப்பு எல்லாம் அவர்கள் வேலை. சிறுதானியம், விதை, ஊர்ப் பண்டிகை, வேலைப் பாட்டு என்று தங்கள் வாழ்க்கையையே நிகழ்ச்சியாக்கினார்கள். 2024-இல் திருத்திய வழிகாட்டுதலில், நிலையத்தின் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். பெயருக்குக் குழுவில் வைத்துவிட்டு முடிவை ஆண்கள் எடுத்தால் பயனில்லை.

கோயில் திருவிழா, சாதி, கட்சி பற்றி என்ன செய்வது?

கட்சிப் பிரசாரம் கூடவே கூடாது. அரசியல் கட்சிகளுக்கு நிலையம் நடத்தவும் அனுமதி இல்லை.

திருவிழா நிகழ்ச்சி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஊரிடம் கேட்கும்போது எந்தத் தெருவில் கேட்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தேர் வராத தெருவிலும் போய்க் கேட்க வேண்டும். முளைப்பாரிக்கும் கூத்துக்கும் கொடுக்கிற நேரத்தைச் சந்தனக்கூட்டுக்கும் மாதா தேருக்கும் கொடுக்க வேண்டும். பறையடிக்கிறவரைக் கலைஞராகப் பேட்டி எடுங்கள், அவர் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் என்ன பெயர், எப்போது எதை அடிப்பார் என்று கேளுங்கள்.

பழைய பாட்டிலும் சொலவடையிலும் ஒரு சாதியை இழிவாகச் சொல்லும் வரிகள் வரும். அவற்றை ஆவணத்துக்காகப் பதிவு செய்து வைக்கலாம், ஒலிபரப்பக் கூடாது. ‘அது மரபு’ என்று வாதாடுகிறவர்கள், அந்தச் சாதிக்காரர் வீட்டிலும் இதே வானொலி ஒலிக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என்ன கருவி வேண்டும்? செல்போனில் பதிவு செய்தால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். அடுத்து வாங்க வேண்டியது ஒரு சட்டைக் காலர் மைக். விலையுயர்ந்த ரெக்கார்டர் அப்புறம் வாங்கலாம். மைக்கை வாயருகே ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கடற்கரையில் காற்றுத்தடுப்புப் பஞ்சு இல்லாமல் பதிவு செய்யாதீர்கள், பின்னால் எடிட்டிங்கில் காற்றின் இரைச்சலை நீக்க முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனால் சேவல் கூவுவதையும் பின்னணியில் பாத்திரம் விழுவதையும் நீக்கியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

எல்லோர் கையிலும் யூடியூப் இருக்கிறது. யார் வானொலி கேட்பார்கள்?

வலை பின்னுகிறவர், தையல் மிஷினில் இருப்பவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், சமைக்கிறவர். கையும் கண்ணும் வேலையில் இருக்கிறவர்களுக்குக் காது மட்டும்தான் மிச்சம். புதுப் போன்கள் பலவற்றில் எஃப்எம் வசதியை எடுத்துவிட்டது பெரிய குறை. எல்லாப் போனிலும் அது இருக்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் நாள்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் பேட்டரி வானொலிப் பெட்டி வேலை செய்யும்.

கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, போன் அழைப்பை மட்டும் நம்பாதீர்கள். அழைக்கிறவர்கள் எப்போதும் அதே சிலர்தான். தெருவில் நடந்து போங்கள், சந்தை நாளில் கடைகளில் எந்த நிலையம் ஓடுகிறது என்று கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நடத்தும் நிறுவனத்திடமிருந்து, நன்கொடையிலிருந்து, விளம்பரத்திலிருந்து. 2024 திருத்தத்தின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். சிறிய நிலையத்தின் மின்கட்டணத்துக்கும் ஒன்றிரண்டு பேரின் சம்பளத்துக்கும் இது ஒழுங்காக வந்தாலே பெரிய விஷயம். உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் இதைவிட நம்பகமானது. கடைக்காரரையே தன் கடையைப் பற்றிப் பேச வைத்தால் கேட்கவும் நன்றாக இருக்கும்.

பழைய பதிவுகளை என்ன செய்வது?

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு இடமில்லை என்று அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் இன்று மலிவு. ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, ஊர், பேசியவர் அல்லது பாடியவர், பொருள் ஆகியவற்றைப் பெயராக வையுங்கள். ‘நியூ ஃபைல் 27’ என்று இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டு இடங்களில் ஒவ்வொரு நகல் வேண்டும். எடிட் செய்யாத முழுப் பதிவையும் சேர்த்து வையுங்கள். ஒரு நகலைப் பாடியவர் வீட்டுக்கும் கொடுங்கள், அவர்கள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிடலாம்.

நானும் நிகழ்ச்சி செய்ய விரும்புகிறேன். தனி ஆளாக நிலையம் தொடங்கலாமா?

தனி நபருக்கு அனுமதி கிடையாது. குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்ட, லாப நோக்கமில்லாத பதிவுபெற்ற அமைப்பு, கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம் போன்றவைதான் விண்ணப்பிக்கலாம். முன்பு ஐந்தாண்டாக இருந்த அனுமதிக் காலத்தை இப்போது பத்தாண்டாக உயர்த்தியிருக்கிறார்கள்.

பக்கத்தில் ஏற்கெனவே நிலையம் இருந்தால் அங்கே போய்த் தன்னார்வலராகச் சேருங்கள். குரல் தேர்வுக்கு ஆயத்தமாவதைவிட, பத்து நிமிட மாதிரி நிகழ்ச்சி ஒன்றைச் செல்போனில் பதிவு செய்து கையோடு கொண்டுபோவது நல்லது. உங்கள் தெருவில் இருக்கும் ஒருவரை, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வையுங்கள். பதிவில் உங்கள் குரல் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் குறைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.